மெராபி மலையடிக் கோயில்கள்: சேறு புதைத்தது, சாம்பல் அரிப்பது, நிலநடுக்கம் உடைத்தது

கேள்வி: ஜாவாவில் பொரோபுதூர், பிரம்பனான் இரண்டையும் பார்க்கப் போகிறோம். பக்கத்திலேயே மெராபி எரிமலை புகைந்துகொண்டே இருக்கிறதாமே? அது வெடித்தால் கோயில்களுக்கு என்ன ஆகும்? ஆயிரம் வருடத்துக்கு மேலாக எப்படித் தப்பி நிற்கின்றன? நாங்கள் போவதில் ஆபத்து உண்டா?

பதில்:

எரிமலை என்றதும் செக்கச்செவேல் என்று குழம்பு ஆறாக ஓடிவந்து ஊரை விழுங்குவதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். மெராபியை அப்படி நினைத்தால் கோயில்களின் கதையும் புரியாது, உங்கள் பயணத்தில் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதும் தெரியாது. அங்கே கோயில்களைத் தொட்டவை மூன்று: மழையோடு இறங்கும் சேற்றுவெள்ளம், காற்றோடு வரும் சாம்பல், நிலநடுக்கம். ஒவ்வொன்றும் கல்லை ஒவ்வொரு விதமாக நடத்துகிறது. இவற்றில் அதிகம் உடைத்தது மூன்றாவது. அதற்கும் மெராபி வெடிப்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

முதலில் மலை. மெராபியின் உயரம் சுமார் 2,900 மீட்டர். யோக்யகர்த்தா நகரத்துக்கு வடக்கே 30 கிமீக்குள் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் தரைத்தட்டு ஜாவாவுக்கு அடியில் செருகி இறங்குவதால் உண்டான எரிமலை வரிசையில் இதுவும் ஒன்று. இதன் குழம்பு ஹவாயில் ஓடுவது போல இளகியதல்ல. முற்றிய வெல்லப்பாகு போலக் கெட்டியானது. வாயிலிருந்து வெளியே வந்ததும் ஓடாமல் அங்கேயே குவிந்து ஒரு குவிமாடமாக வளரும். வளர்ந்து வளர்ந்து, சரிவின் விளிம்பைத் தாண்டியதும் தன் எடை தாங்காமல் இடிந்து விழும். விழும்போது பல நூறு டிகிரி சூட்டில் பாறைத்தூளும் வாயுவும் ஒன்றாகக் கலந்து, தரையை ஒட்டியபடி மணிக்கு நூறு கிமீ அளவு வேகத்தில் பள்ளத்தாக்குகள் வழியே பாயும். இந்தோனேசிய அறிக்கைகளில் இதற்கு ‘ஆவான் பானாஸ்’ என்று பெயர், அதாவது வெப்ப மேகம். மெராபியில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் இதுதான்.

1994 நவம்பர் 22 அன்று தெற்குச் சரிவில் துர்கோ கிராமத்தைத் தாக்கிய வெப்ப மேகத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2006 ஜூனில் நடந்ததில் இன்னொரு பாடம் இருக்கிறது. காலியாடெம் என்ற இடத்தில் இப்படிப்பட்ட நேரத்தில் ஒதுங்குவதற்கென்றே கட்டிய கான்கிரீட் பதுங்கறை ஒன்று உண்டு. அதற்குள் ஒதுங்கிய இரண்டு பேரும் இறந்துபோனார்கள். காரணம் எளிது. வேகமாகக் கடந்துபோகும் சூடான காற்றுக்குத்தான் அந்த அறை தாங்கும். பாய்ச்சல் அங்கேயே நின்று, சூடான மணலும் கல்லும் வாசலை மூடிவிட்டால், வெளியேறவும் முடியாது, உள்ளே சூடும் தணியாது. இன்று ஜீப் சுற்றுலாவில் அந்த இடத்தைக் காட்டுகிறார்கள். ஒதுங்கி நின்று தப்பிக்கலாம் என்ற எண்ணம் இந்த மலையில் செல்லாது. முன்கூட்டியே விலகிப் போவது ஒன்றே வழி.

2010இல் அப்படித்தான் பெருந்திரளான மக்கள் பிழைத்தார்கள். அக்டோபர் 25 அன்று எச்சரிக்கை உச்ச நிலைக்கு உயர்த்தப்பட்டது. மறுநாளே முதல் வெடிப்பு. மலையின் காவலராக மக்கள் மதித்த மாரிஜான் என்ற முதியவர், வெளியேற மறுத்துக் கினாஹ்ரெஜோ கிராமத்தில் அன்று இறந்தார். தடை எல்லை 10 கிமீ, 15 கிமீ என்று விரிந்து, நவம்பர் 5 அன்று 20 கிமீ ஆனது. அன்றைய பெருவெடிப்பில் கெண்டோல் ஆற்றின் வழியே வெப்ப மேகம் 15 கிமீக்கும் மேல் போனது. 350 பேருக்கு மேல் இறந்தார்கள். மூன்றரை லட்சம் பேருக்கு மேல் இடம்பெயர்ந்தார்கள். அந்த எச்சரிக்கை மட்டும் தாமதித்திருந்தால் இன்னும் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் பேர் இறந்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

இந்தத் தூரங்களைக் கோயில்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரம்பனானும், அதன் பக்கத்தில் சம்பிசாரி என்ற சிறு கோயிலும் மலையுச்சிக்குத் தெற்கே ஏறக்குறைய 24, 25 கிமீயில் இருக்கின்றன. பொரோபுதூர் மேற்கே 27, 28 கிமீ. 2010இன் பெரும்பாய்ச்சல்கூட இவற்றை எட்டவில்லை. ஆனால் வெப்ப மேகம் நின்ற இடத்தில்தான் அடுத்த வேலை தொடங்குகிறது.

2010இல் மலை பத்துக் கோடி கன மீட்டருக்கும் அதிகமாகக் கக்கியது. அது சரிவுகளிலும் ஆற்றுத் தலைப்பகுதிகளிலும் தளர்வாகக் குவிந்து கிடக்கும். மழைக்காலத்தில் உச்சிப் பக்கம் ஓரிரண்டு மணி நேரம் கனமழை அடித்தால் போதும். மணல், சரளை, ஆள் உயரப் பாறைகள் எல்லாம் சேர்ந்து இறங்கும். ஜாவாக்காரர்கள் இதை லஹார் என்கிறார்கள், உலகம் முழுக்க எரிமலை அறிவியலில் இதே பெயர்தான் வழங்குகிறது. வெள்ளம் என்று சொன்னாலும் இதில் பாதிக்கு மேல் மணலும் கல்லும்தான். அதனால்தான் தண்ணீர் அசைக்க முடியாத பாறையையும் இது மிதக்கவிட்டுக் கொண்டுபோகிறது. 2011 ஜனவரியில் புத்திஹ் ஆற்றில் வந்த லஹார், ஜுமோயோ பக்கம் மாகெலாங்–யோக்யகர்த்தா நெடுஞ்சாலையையே மூடியது. பொரோபுதூருக்குப் போகும் பெரும்பாலான வண்டிகள் அந்தச் சாலையில்தான் போகின்றன.

மலைச்சரிவில் லஹார் அரிக்கும், சமவெளியில் கொட்டும். சரிவு குறைந்ததும் வேகம் தணிந்து மணல் படியும். ஆற்றுப்படுகை உயரும். படுகை கரையளவுக்கு உயர்ந்துவிட்டால் ஆறு கரை தாண்டிப் புதுவழி பிடிக்கும். மெராபியின் தெற்குச் சமவெளி முழுக்க இப்படி விசிறி விசிறியாகக் கொட்டிய மணலால் ஆனது. அங்கே ஸ்லேமான் என்ற பகுதியிலுள்ள கோயில்கள் எல்லாம் அந்த விசிறியின் மேல்தான் நின்றன.

சம்பிசாரிக்கு அவசியம் போங்கள். பொரோபுதூரும் பிரம்பனானும் பார்த்துவிட்டு இதை விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். எனக்குக் கேட்டால் மெராபியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. 1966இல் வயலில் கொத்திக்கொண்டிருந்த ஒரு விவசாயியின் மண்வெட்டி செதுக்கிய கல்லில் பட்டது. தோண்டிக்கொண்டே போனார்கள், கோயிலின் தரை சுற்றியுள்ள நிலத்துக்கு ஆறரை மீட்டர் கீழே இருந்தது. அகழ்ந்து, கற்களைச் சேர்த்து நிமிர்த்தி முடிக்க 1987 ஆனது. இன்று வயலும் வீடுமாக இருக்கும் தெருவில் போய் நின்றால் கோயில் தெரியாது. வேலியருகே போய்க் குனிந்து பார்த்தால், ஒரு பெரிய சதுரப் பள்ளத்தின் நடுவே அது உட்கார்ந்திருக்கும். படியிறங்கித்தான் போக வேண்டும். அப்படி இறங்கும் உயரம் முழுவதும் கோயில் கட்டிய பிறகு வந்து சேர்ந்த மண்.

ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த சிவன் கோயில் இது. மேற்குப் பார்த்த சந்நிதி, எதிரே மூன்று சிறு கோயில்கள். கருவறையில் ஆவுடையாரும் லிங்கமும். வெளிச்சுவரின் கோஷ்டங்களைத் தமிழ்நாட்டுக் கண்ணோடு பாருங்கள்: வடக்கே மகிடனை மிதித்த துர்க்கை, நம் ஊர் போலவே. பின்புறம் பிள்ளையார். தெற்கே நாம் தட்சிணாமூர்த்தியை எதிர்பார்க்கும் இடத்தில் தாடியும் தொந்தியுமாக அகத்தியர். பிரம்பனான் சிவன் கோயிலிலும் தெற்கே அவர்தான். குருவின் திசை மாறவில்லை, குரு மாறியிருக்கிறார். இந்தத் தொடர்பு தற்செயலானதல்ல. மெராபிக்கு மேற்கே வுகிர் குன்றில் சஞ்சய மன்னன் லிங்கம் நிறுவியதைச் சொல்லும் பொ.ஆ. 732ஆம் ஆண்டுக் கல்வெட்டு, பல்லவ எழுத்தில் பொறித்த சமஸ்கிருதம்.

கோயில் மேடையின் ஓரத்தில் சுற்றிவரச் சிறு சிறு கல் அடிகள் தெரியும். மரத்தூண்களை நிறுத்தியவை. மேலே மரத்தாலும் கூரைப் பொருளாலும் ஒரு மண்டபம் இருந்திருக்க வேண்டும். மரம் மக்கிப் போனது, கல் நின்றது. மண்ணுக்குள் இருந்ததால் வெயில், மழை, வேர், கல் பெயர்த்துக்கொண்டு போகிறவர்கள் எல்லோரிடமிருந்தும் இது தப்பித்தது. புதைந்தது என்று வருந்துவதா, காப்பாற்றப்பட்டது என்று சொல்வதா என்றால் நான் இரண்டாவதையே சொல்வேன். இப்போதுள்ள தொல்லை வேறு: பள்ளத்தில் இருப்பதால் பெருமழையில் தண்ணீர் தேங்குகிறது.

சம்பிசாரிக்கு அருகிலுள்ள கெடுலான் கோயில் 1993இல் மணல் அள்ளுகிறவர்கள் கண்ணில் பட்டது. அதுவும் பல மீட்டர் ஆழம். அங்கே கிடைத்த பொ.ஆ. 869ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஓர் அணையைப் பற்றியும் வரியைப் பற்றியும் பேசுகின்றன. மலை தரும் தண்ணீரை மக்கள் அப்போதே கட்டி ஆண்டிருக்கிறார்கள். 2009 டிசம்பரில் யோக்யகர்த்தாவின் இந்தோனேசிய இஸ்லாமியப் பல்கலைக்கழக வளாகத்தில் நூலகத்துக்கு அடித்தளம் தோண்டியபோது கிம்புலான் கோயில் வெளிப்பட்டது. பிள்ளையார், நந்தி, லிங்கம் எல்லாம் உள்ளே இருந்தன. நூலகத்தின் வரைபடத்தை மாற்றி, கோயிலைச் சுற்றிக் கட்டினார்கள். இன்னும் எத்தனை கோயில்கள் அந்த வயல்களுக்கு அடியில் கிடக்கின்றனவோ, கிணறு வெட்டுகிறவருக்குத்தான் வெளிச்சம்.

லஹார் எப்போதும் இப்படிப் பத்திரமாக மூடி வைக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆற்றங்கரையில் இருந்தால் அடியை அறுக்கும். மேற்குச் சரிவில் பாபெலான் ஆற்றோரம் இருந்த லும்புங் கோயிலுக்கு 2010க்குப் பின் வந்த லஹார்களால் கரை சரிந்துகொண்டே வந்தது. 2011இல் கல் கல்லாகக் கழற்றி வேறு இடத்துக்கு மாற்றினார்கள்.

இங்கே ஒரு பழைய கதையைத் தள்ளிவிட வேண்டும். 1006இல் மெராபி பயங்கரமாக வெடித்து, அந்தப் பகுதியை ஆண்ட மாதராம் அரசையே ஒரே நாளில் புதைத்தது, அதனால்தான் தலைநகர் கிழக்கு ஜாவாவுக்குப் போனது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். டச்சு நிலவியலாளர் வான் பெம்மெலன் 1949இல் வெளியிட்ட கருத்து இது. ஆதாரமாகக் காட்டுவது ஐர்லங்கா மன்னனின் கல்வெட்டில் வரும் ‘பிரளயம்’ என்ற குறிப்பு. அந்தக் கல் இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அது சொல்வது வுராவாரி என்ற எதிரியின் தாக்குதலை. ஆண்டையும் பிற்கால அறிஞர்கள் 1016 என்றே படிக்கிறார்கள். அதோடு, மாதராமின் சிண்டோக் மன்னன் தலைநகரோடு கிழக்கே போனது 929 வாக்கில், அதாவது சொல்லப்படும் வெடிப்புக்கு எழுபது எண்பது வருடம் முன்பே. மண்ணும் அதையேதான் சொல்கிறது. இந்தக் கோயில்களின் மேலிருந்த மண் ஒரே அடியில் விழுந்த ஒரே படிவம் அல்ல. மணல், சரளை, வண்டல் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. ஒரு பெருநாசத்தை விட, தலைமுறை தலைமுறையாக வயலும் வாய்க்காலும் மணலில் மூடிக்கொண்டே வந்த அலுப்பு ஓர் அரசை நகர்த்தியிருக்கும் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வணிகம், போர் எல்லாம் கூடவே இருந்திருக்கும்.

ஏன் அங்கே போய்க் கட்டினார்கள் என்று கேட்கலாம். கல்லே மலை கொடுத்ததுதான். பொரோபுதூரின் ஏறக்குறைய இருபது லட்சம் கற்களும் ஆண்டசைட் என்ற எரிமலைக் கல். அதைப் பெரும்பாலும் ஆற்றுப்படுகைகளிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். லஹார் பாறையை உருட்டிக்கொண்டு வந்து வாசலில் போட்டுவிட்டுப் போனது. பிறகு அதே லஹார் வந்து கட்டியதை மூடியது. இன்றும் அந்த மணலை லாரி லாரியாக அள்ளிக் கட்டடத்துக்கு விற்கிறார்கள். அளவாக அள்ளினால் ஆற்றுக்கு நல்லது, படுகை தாழும். லஹாரின் வேகத்தை உடைக்க ஜப்பானியத் தொழில்நுட்பத்தில் ஆறுகளின் குறுக்கே கட்டிய ‘சபோ’ தடுப்பணைகளின் அடியில் போய்த் தோண்டினால்தான் அணையே கவிழ்கிறது.

அடுத்தது சாம்பல். பொரோபுதூருக்கு மலையிலிருந்து நேரடியாக வருவது இது ஒன்றுதான். எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் அல்ல. பொடிப்பொடியான கண்ணாடியும் பாறைத்தூளும். கூர்மையானது, அமிலம் படிந்தது. 2010இல் பொரோபுதூர் மேல் 2.5 செமீ வரை படிந்தது. அடித்தளத்தின் ஒரு பக்கம் சுமார் 120 மீட்டர் என்று வைத்தால், 1 செமீ படிந்தாலே 140 கன மீட்டருக்கு மேல் வருகிறது. எல்லாவற்றையும் கையால் எடுக்க வேண்டும்.

எடுப்பதில் வரிசை முக்கியம். காய்ந்திருக்கும்போதே பெருக்கி அள்ள வேண்டும். முதலிலேயே தண்ணீர் அடித்தால் சாம்பல் குழைந்து கல் இடுக்குகளில் இறங்கிக் கெட்டிப்படும், அமிலமும் கூடவே உள்ளே போகும். புடைப்புச் சிற்பங்களில் மென்மையான தூரிகைதான். அழுத்தித் தேய்த்தால் சாம்பலே உப்புத்தாள் மாதிரி முகங்களைத் தேய்த்துவிடும். அதன்பின் கழுவுதல், அமிலத்தை முறிக்கச் சமையல் சோடா கரைசல். 2010இல் பெரிய தலைவலி வடிகால்தான். பொரோபுதூர் ஓர் இயற்கைக் குன்றைக் கல்லால் போர்த்திய கட்டடம், சாந்து கிடையாது. மழைநீர் உள்ளே இறங்கி மண்ணைக் கரைத்துச் சுவர்களைச் சாய்த்ததால்தான் 1973 முதல் 1983 வரை யுனெஸ்கோ உதவியுடன் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கற்களைக் கழற்றி, பின்னால் வடிகாலும் ஈரத்தடுப்பும் வைத்து மறுபடி அடுக்கினார்கள். அந்த வடிகாலுக்குள் சாம்பல் சேறாகப் போய் அடைத்துக்கொண்டால் பழைய நோய் திரும்பும். அதனால் நடைபாதைக் கற்களைப் பெயர்த்து வடிகாலைச் சுத்தம் செய்தார்கள். முழுதாக முடிய ஒரு வருடம் ஆனது. 2014 பிப்ரவரியில் இருநூறு கிமீக்கும் அப்பாலுள்ள கெலுட் எரிமலையின் சாம்பலும் இங்கே வந்து விழுந்தது. 2020 நவம்பரில் மெராபி எச்சரிக்கை உயர்ந்தபோது ஸ்தூபிகளுக்கு முன்கூட்டியே உறை போட்டு மூடினார்கள். உத்தமமான வழி அதுதான்.

நிலநடுக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2006 மே 27 அதிகாலை 5:54க்கு, 6.3 அளவில், யோக்யகர்த்தாவுக்குத் தெற்கே. 5,700 பேருக்கு மேல் இறந்தார்கள். மெராபியும் அப்போது சீறிக்கொண்டிருந்தது, ஆனால் மக்களைக் கொன்றது நிலப்பிளவின் அசைவும் செங்கல் வீடுகளும். பிரம்பனானில் கோபுர உச்சிக் கற்கள் விழுந்தன, சுவர்களில் விரிசல் விட்டது, வளாகத்தை மூட வேண்டியதாயிற்று. 47 மீட்டர் உயரச் சிவன் கோயிலின் உள்ளே மறுபடி விடுவதற்கு வருடங்கள் ஆயின. பரந்து தாழ்ந்த பொரோபுதூருக்குப் பெரிய சேதம் இல்லை. அது தூரத்திலும் இருந்தது. பிரம்பனான் வளாகத்தில் மொத்தம் 240 கோயில்கள் இருந்தன. இன்று நிற்பவை சிலதான், மீதி கற்குவியல். மூலக் கற்களில் முக்கால் பங்காவது கிடைத்தால்தான் ஒரு கோயிலை மறுபடி நிமிர்த்துவது என்று விதி. செதுக்கிய கற்களுக்கு நடுவே வெறுமையாக இருக்கும் கற்கள் புதிதாகச் செருகியவை. பார்த்தாலே தெரிய வேண்டும் என்றுதான் அப்படி விட்டிருக்கிறார்கள்.

இனி உங்கள் பயணம். எச்சரிக்கை நான்கு நிலை: நார்மல், வஸ்பாடா, சியாகா, ஆவாஸ். 2020 நவம்பரில் மெராபி மூன்றாவதான சியாகாவுக்கு ஏறியது. வருடக்கணக்கில் அதிலேயே நின்றது. மூன்றாம் நிலை என்று கேட்டதும் பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. நிலையைவிடத் தடை எல்லை முக்கியம். அது ஆற்றுக்கு ஆறு வேறுபடும், பொதுவாக உச்சியிலிருந்து 3 முதல் 7 கிமீ. கோயில்கள் எல்லாம் அதற்கு வெகு வெளியே. ‘மாக்மா இந்தோனேசியா’ செயலியிலும், யோக்யகர்த்தாவில் மெராபியைக் கண்காணிக்கும் பிபிபிடிகேஜி நிலையத்தின் அறிக்கையிலும் அன்றன்றைக்குப் போடுவார்கள். மலையேற்றம் 2018 முதலே மூடல்; யாராவது இரவில் அழைத்துப் போகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஜீப் சுற்றுலா எதுவரை என்பதும் அன்றைய எல்லையைப் பொறுத்தது. ஏறுவதற்கு முன் ஓட்டுநரிடம் கேளுங்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை போனால் மதியத்துக்கு மேல் ஆற்றுப்படுகையில் இறங்க வேண்டாம். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் உச்சியில் கருமேகம் இருந்தால் லஹார் வரலாம். ஆற்றில் மணல் லாரிகள் அவசரமாக மேலேறினால் நீங்களும் ஏறிவிடுங்கள். சாம்பல் விழுந்தால் துணிமுகமூடி போதாது, என்95 வேண்டும். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போடுங்கள். வண்டிக் கண்ணாடியில் நீர் ஊற்றாமல் வைப்பரைப் போட்டால் கண்ணாடி கீறிப்போகும். சாம்பலால் விமானங்கள் நிற்பதும் உண்டு. 2010இல் யோக்யகர்த்தாவின் ஆதிசுசிப்தோ விமான நிலையம் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. திரும்பும் பயணச்சீட்டில் ஓரிரு நாள் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் ரயிலில் சுரபாயாவோ ஜகார்த்தாவோ போய் ஏற வழி பார்த்து வையுங்கள்.

பொரோபுதூரின் மேல்தளங்களுக்கு ஏற நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. தனிச்சீட்டு எடுக்க வேண்டும், கல் தேயாதபடி அவர்களே தரும் ‘உபானத்’ செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். முன்பதிவு செய்யாமல் போனால் கீழே நின்று பார்த்துவிட்டுத் திரும்ப நேரும். சம்பிசாரிக்கு அப்படி எதுவும் இல்லை. பிரம்பனானிலிருந்து யோக்யகர்த்தாவுக்குத் திரும்பும் வழியிலேயே வருகிறது, ஒரு மணி நேரம் போதும்.